எவரும் வாசிக்காத மெட்டு

(வானொலிக் கலை இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சென்ற கிழமை நேயர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. "கவிதை, சிறுகதை, நாடகம் பற்றிப் பேச வேண்டிய தொடரில் மேனாட்டு வயலினுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இசையிலும் எழுத்து உண்டு. மேனாட்டு இசையமைப்பாளர் ஒருவர் மேசைமுன் அமர்ந்து, ஒரு வாத்தியத்தையும் தொடாமல், அறுபது பேர் வாசிக்க வேண்டியதை வெற்றுத்தாளில் எழுதுகிறார். எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று கவிஞர் தடுமாறுவதைப் போலவே, எந்த ஸ்வரத்தை யாரிடம் கொடுப்பது என்று அவரும் தடுமாறுகிறார். இந்த எழுத்துக்கலையின் ஒரு பகுதியை, அதாவது தந்தி வாத்தியங்களுக்கு எழுதும் முறையை, இன்று நோக்குவோம்.

ஒலிபரப்பின்போது உரைக்கு முன்னதாக ஒரு இசைத்தட்டிலிருந்து சில விநாடிகளை ஒலிக்கச் செய்தோம். அச்சில் அது இயலாது. ஆகவே வாசகர்களுக்கு அதைச் சொல்லால் விளக்க வேண்டியிருக்கிறது. அது இரஷ்ய இசைமேதை சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியின் இறுதிப் பகுதி. மெல்ல இறங்கும் ஒரு புலம்பல். அடிப்படை ஸ்வரத்தை 'ஸ' என்று கொண்டால், சாதாரண காந்தாரத்தோடு 'ப ம க ரி ஸ' என்று படிப்படியாக இறங்கி, மீண்டும் 'ரி'க்கு ஏறி நிற்கிறது. கேட்பவர் எவரும் வயலின்கள் இந்த மெட்டை வாசிப்பதாகவே சொல்வார்கள்.

ஆனால் அந்த வாத்தியக் குழுவில் இந்த மெட்டை வாசிப்பவர் ஒருவரும் இல்லை! ஒவ்வொரு கலைஞரின் முன்னாலுள்ள தாளையும் வாங்கிப் பார்த்தாலும் அந்த மெட்டு எந்தத் தாளிலும் இல்லை. அப்படியானால் நாம் கேட்டது எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண்பதற்கு முன், தந்தி வாத்தியங்களைப் பற்றிச் சில அடிப்படைகளை அறிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து அணிகள்

மேனாட்டு வாத்தியக் குழுவின் முதுகெலும்பு தந்தி வாத்தியங்களே. அவை ஐந்து அணிகளாக அமர்கின்றன: முதலாம் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செலோ, டபிள் பேஸ். பெரிய குழுவொன்றில் முறையே 16, 14, 12, 10, 8 பேர், மொத்தம் 60 பேர் என்பது பொதுவான ஒரு கணக்கு.

முதலாம் வயலினுக்கும் இரண்டாம் வயலினுக்கும் வாத்தியத்தில் வேறுபாடில்லை. வேறுபாடு எழுதப்பட்டதில்தான் உண்டு. வழக்கமாக முதலாம் அணிக்கு மெட்டும் இரண்டாம் அணிக்குத் துணையும் கிடைக்கும். வியோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது; ஐந்து ஸ்வரம் கீழே சுருதி சேர்க்கப்படுவது; குரல் சற்றே மங்கலானது. செலோ இருகால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. வியோலாவுக்கு ஒரு ஸ்தாயி கீழே அமைவது. டபிள் பேஸ் எல்லாவற்றுக்கும் அடியில், எழுதப்பட்ட ஸ்வரத்திலிருந்து ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்.

18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் செலோவும் டபிள் பேஸும் ஒரே வரியைப் பகிர்ந்துகொண்டன. வியோலாவுக்கும் தனிவேலை குறைவு. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைக் கேட்டவர்களுக்கு, அதன் இரண்டாம் பகுதி எப்படி ஆரம்பிக்கிறதென்பது நினைவிருக்கும். அங்கே வயலின்கள் வாளாவிருக்க, வியோலாவும் செலோவும் ஒன்றாக இணைந்து மெட்டை வாசிக்கின்றன. கீழே டபிள் பேஸ் விரலால் தந்தியை மீட்டுகிறது. 1808இல் வியன்னாவில் அரங்கேறிய படைப்பு அது. இரண்டு நடுத்தரக் குரல்கள் ஒன்றாகும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்று பிறக்கிறது. வியோலாவின் மங்கலும் செலோவின் நெஞ்சழுத்தமும் சேர்ந்து ஒரு முதிர்ந்த மனிதக் குரல்போல் ஆகின்றன. அதே மெட்டை வயலின்களுக்குக் கொடுத்திருந்தால் ஸ்வரம் ஒன்றாகவே இருந்திருக்கும், பேசுபவர் வேறொருவராகியிருப்பார்.

வாத்தியப் பங்கீடு என்பது இதுதான். மெட்டை எழுதிவிட்டுப் பிறகு பூசுகின்ற வர்ணமல்ல அது. யார் பேசுகிறார் என்பதைத் தீர்மானிப்பதும் கதையின் ஒரு பகுதியல்லவா?

நரம்பும் ஸ்வரமும்

நம்முடைய பழந்தமிழ் இசைமரபில் 'நரம்பு' என்ற சொல் யாழின் தந்தியையும் குறித்தது, ஸ்வரத்தையும் குறித்தது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம் என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாயிருந்தது. சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்' வழியாக இணை, கிளை, பகை, நட்பு என்னும் நரம்பு உறவுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

வயலினில் நிலைமை வேறு. நான்கே தந்திகள். கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று ஐந்தைந்து ஸ்வர இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டவை. விரல் வைக்கும் இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு தந்தியிலும் பல ஸ்வரங்கள் பிறக்கும். ஆகவே ஒரே ஸ்வரத்தை இரண்டு அல்லது மூன்று தந்திகளில் வாசிக்க முடியும். ஆனால் ஒலி ஒன்றாக இராது. ஈ தந்தி கூர்மையானது, பளிச்சிடுவது. ஏ தந்தியும் டி தந்தியும் மென்மையானவை. தடித்த ஜி தந்தியோ ஆழமும் கனமும் கொண்டது. அதன் உயர்ந்த பகுதியில் வாசிக்கும்போது அடக்கிவைத்த உணர்ச்சி திமிறுவதுபோன்ற ஓர் இறுக்கம் உண்டாகும்.

இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்றுண்டு. பாஹ் எழுதிய மூன்றாவது ஓர்க்கெஸ்ட்ரா சூட்டில் ஓர் அமைதியான பகுதி வருகிறது. 1871இல் ஜேர்மனிய வயலின் கலைஞர் ஓகுஸ்ட் வில்ஹெல்மி அதனைக் கீழே இறக்கி, முழுவதையும் ஜி தந்தி ஒன்றிலேயே வாசிக்கும்படி மாற்றியமைத்தார். 'ஜி தந்தியில் ஒரு கீதம்' என்று உலகம் முழுவதும் அது பெயர்பெற்றது. மெட்டு பாஹினுடையது, தந்தியை மட்டுமே வில்ஹெல்மி தேர்ந்தார். ஆயினும் பெயரோ தந்தியின் பெயராகிவிட்டது.

நமது கர்நாடக இசையில் இத்தகைய குறிப்புகள் எழுதப்படுவதில்லை. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் வந்துசேர்ந்த வயலின், பாடகரின் சுருதிக்கேற்ப 'ஸ ப ஸ ப' என்று சேர்க்கப்பட்டு, பாட்டைத் தொடரும் பக்கவாத்தியமாயிற்று. எந்தத் தந்தி, எந்த விரல், எத்தனை வில் என்பதெல்லாம் வித்துவானின் மனோதர்மம். ஒருவர் வாசிக்கும்போது அது பொருந்தும். பதினாறு பேர் ஒரே குரலாக வாசிக்க வேண்டுமென்றால் அது சரிவராது. யாராவது எழுதித்தான் ஆகவேண்டும்.

ஒரு சிறு சம்பவம்

இவ்விடத்தில் நான் நேரில் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லலாமென நினைக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நாடக ஒத்திகைக்குச் சென்றிருந்தேன். இசையமைத்தவர் திறமையான ஓர் இளைஞர். மின்னியக்கக் கீபோட்டில் 'ஸ்ட்ரிங்ஸ்' என்று குறிக்கப்பட்ட பொத்தானை அழுத்தி, இரு கைகளாலும் வாசித்து, அதை அப்படியே தாளில் இறக்கியிருந்தார். வயலின் வாசிக்க வந்தவர் வயதான ஓர் ஆசிரியை. தாளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக அமைதியாகக் கேட்டார்:

"தம்பி, இந்த ரெண்டு நோட்டும் ஒரே தந்தியிலதானே இருக்கு. நான் எதை வாசிக்கிறது, எதை விடுறது?"

"கீபோட்டில ரெண்டும் சேர்ந்து நல்லா வந்தது, ரீச்சர்."

"கீபோட்டில வரும் தம்பி. அதுக்குப் பத்து விரல்."

அவர் எழுதியிருந்தது, வயலினின் மிகத் தாழ்ந்த ஜி ஸ்வரத்துக்கு மேலேயுள்ள ஏயும் பீயும். இரண்டும் ஜி தந்தியில் மட்டுமே கிடைப்பவை. ஒரு தந்தி ஒரு வேளையில் ஒரு ஸ்வரத்தைத்தான் தரும். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டுமெனில் அவை அடுத்தடுத்த இரு தந்திகளில் அமைய வேண்டும். விரல்களும் எட்ட வேண்டும். மூன்று, நான்கு ஸ்வரங்களென்றால் வில்லால் கீழிருந்து மேலாகப் புரட்டி வாசிக்கலாமே தவிர, நான்கையும் சேர்த்து நீட்டி நிறுத்த முடியாது. வில்லின் மயிர் ஒரே தளம். தந்திகள் தாங்கும் பாலமோ வளைவானது.

இளைஞர் வெட்கப்பட்டார். ஆசிரியை பென்சிலை எடுத்து ஒரு ஸ்வரத்தைப் பக்கத்து வயலினுக்கு மாற்றிக் கொடுத்தார். சிக்கல் தீர்ந்தது. மாற்றிக் கொடுத்ததோடு ஒலியும் அழகாயிற்று என்பதுதான் முக்கியம். ஒருவர் தடுமாறி வாசிக்கும் இரண்டு ஸ்வரங்களைவிட, இருவர் ஆறுதலாக வாசிக்கும் ஒவ்வொரு ஸ்வரம் தெளிவாக ஒலிக்கும். ஓர் அணியையே இவ்வாறு இரண்டு அல்லது மூன்றாகப் பிரித்து எழுதுவதை இத்தாலிய மொழியில் 'திவிசி' என்பர்.

வாக்னர் இந்தப் பிரித்தெழுதும் முறையின் எல்லையைத் தொட்டவர். 1850இல் வைமார் நகரில் அரங்கேறிய 'லோஹென்கிறின்' இசைநாடகத்தின் முன்னிசையில் அவர் வயலின்களைப் பல கூறுகளாக்கி, மிக உயர்ந்த ஸ்தாயியில் ஒலிக்க விடுகிறார். நான்கு தனி வயலின்கள் தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு, குழலோசை போன்ற ஸ்வரங்களை எழுப்புகின்றன. வானத்திலிருந்து ஒளி இறங்குவதுபோன்ற உணர்வு. ஆனால் இதற்கொரு விலை உண்டு. அணியைப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு குரலுக்கும் ஆட்கள் குறைவர். பதினாறு பேரை நான்காகப் பிரித்தால் ஒரு குரலுக்கு நால்வரே. பிரிப்பது மென்மைக்கு உதவும், வலிமைக்கு உதவாது. நான்கு வயலின்களே வைத்திருக்கும் சிறு குழுவினர் இதை மறந்துவிடக் கூடாது.

வில்லின் மொழி

விரல் ஸ்வரத்தைத் தீர்மானிக்கிறது. அதன் பேச்சைத் தீர்மானிப்பது வில். கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனி நோக்கி வில்லை இழுக்கும்போது ஒலி அழுத்தமாகத் தொடங்கி இயல்பாகத் தேயும். நுனியிலிருந்து கைப்பிடிக்குத் தள்ளும்போது மெல்லத் தொடங்கி வளரும். ஆகவே அழுத்தம் விழவேண்டிய இடத்தில் இழுப்பு வில்லும், வளர்ந்து செல்லவேண்டிய இடத்தில் தள்ளு வில்லும் பொருந்தும். எத்தனை ஸ்வரங்களை ஒரே வில்லில் இணைப்பது என்பதை வளைகோடொன்றால் காட்டுவர். இணைத்தால் பாட்டு, பிரித்தால் பேச்சு. நாம் எழுத்தில் காற்புள்ளி, அரைப்புள்ளி இடுவதற்கு இது சமானம். காற்புள்ளி தவறினால் வசனம் தடுமாறுவதுபோல, வில் தவறினால் மெட்டு தடுமாறும்.

வில்லின் வேறு உபாயங்களும் உண்டு. ஒரே ஸ்வரத்தில் வில்லை அதிவேகமாக முன்னும் பின்னும் அசைத்தால் நடுக்க ஒலி பிறக்கும். 1624ஆம் ஆண்டிலேயே மொன்ரெவேர்டி, போர்க்காட்சியொன்றுக்காக ஒரே ஸ்வரத்தை விரைவாக மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து சினத்தைக் காட்டினார். வில்லை ஒதுக்கி விரலால் தந்தியை மீட்டச் செய்ததும் அதே படைப்பில்தான். வில்லைத் திருப்பி அதன் மரப்பகுதியால் தந்தியைத் தட்டினால் எலும்புகள் உரசுவதுபோன்ற வரண்ட ஒலி எழும். 1830இல் அரங்கேறிய தமது 'சிம்பொனி பன்டாஸ்டிக்' என்னும் படைப்பின் சூனியக்காரிகளின் கூத்தில் பெர்லியோஸ் இதனைக் கையாண்டார். பின்னர் 1844இல் அவர் வெளியிட்ட வாத்தியவியல் நூல், பல தலைமுறை இசையமைப்பாளர்களுக்குப் பாடநூலாயிற்று.

சாய்கோவ்ஸ்கி தமது நான்காவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் தந்தி அணிகள் ஐந்தையும் ஆரம்பம் முதல் முடிவு வரை விரலாலேயே மீட்டச் செய்கிறார். அறுபது பேரும் வில்லைத் தொடுவதேயில்லை! அதில் ஒரு நடைமுறை அனுகூலமும் உண்டு. விரலிலிருந்து வில்லுக்கும் வில்லிலிருந்து விரலுக்கும் மாறக் கைக்கு நேரம் வேண்டும். ஒலியை அடக்கும் மூடியைப் பாலத்தில் பொருத்தவும் எடுக்கவும் நேரம் வேண்டும். இந்த நேரத்தைத் தாளில் விடாத இசையமைப்பாளர், மனிதர் வாசிக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார் என்றே பொருள்.

ஒரே குடும்பம், இரு முகங்கள்

தந்தி வாத்தியங்கள் மட்டுமே கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டிலிருந்து இரண்டு அமெரிக்க உதாரணங்களைத் தருகிறேன்.

முதலாவது, வானொலியோடு தொடர்புடையது. சாமுவேல் பாபர் 1936இல் நால்வருக்காக ஒரு தந்தி நால்வரிசையை எழுதினார். அதன் மெதுவான பகுதியைப் பின்னர் முழுத் தந்திக் குழுவுக்கு விரித்தெழுதினார். 1938 நவம்பர் 5ஆந் திகதி ஆர்த்தூரோ டொஸ்கானினி அதனை நியூயோர்க்கிலிருந்து வானொலியில் நெறிப்படுத்தினார். மெட்டு பெரும்பாலும் அடுத்தடுத்த ஸ்வரங்களிலேயே, படியேறுவதுபோல் மெல்ல நகர்கிறது. ஓர் அணி விட்ட இடத்தை இன்னோர் அணி எடுத்துக்கொள்கிறது. வயலின், வியோலா, செலோ எல்லாம் தத்தம் உயர்ந்த இடத்துக்கு ஏறி உச்சத்தில் நிற்க, திடீரென ஒரு மௌனம். செலோவைப் பொறுத்தவரை அது இயல்பான இடமல்ல. சிரமப்பட்டு ஏறிய குரல். அந்தச் சிரமம் கேட்பவரின் நெஞ்சுக்கு எட்டுகிறது. அதே ஸ்வரத்தை வயலின் இலகுவாக வாசித்திருக்கும். ஆனால் இலகுவானது நம்மைத் தொட்டிராது.

இரண்டாவது, 1960இல் வெளிவந்த அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' திரைப்படம். இசையமைப்பாளர் பேர்னாட் ஹேர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே பயன்படுத்தினார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாமென முதலில் நினைத்திருந்தாராம் ஹிட்ச்கொக். ஹேர்மன் எழுதியதைக் கேட்டபின் மனம் மாறினார். வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, உச்ச ஸ்தாயியில், ஒன்றுக்கொன்று பகையான ஸ்வரங்களை வில்லால் வெட்டுகின்றன. கத்தியும் அலறலும் ஒரே ஒலியில் அடங்கிவிட்டன.

பாபரிடம் பிரார்த்தனை செய்த அதே வாத்தியங்கள் ஹேர்மனிடம் அலறின. வேறுபாடு வாத்தியத்தில் இல்லை. எந்த ஸ்தாயியில், எந்த வில்லில், யாரோடு யாரைச் சேர்த்து எழுதினார்கள் என்பதிலேயே உள்ளது.

மெட்டு எங்கே இருந்தது?

இனி நமது புதிருக்கு வருவோம். 'ப ம க ரி ஸ ரி' என்று நாம் கேட்ட மெட்டை சாய்கோவ்ஸ்கி முதலாம், இரண்டாம் வயலின்களுக்கிடையே ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாற்றிப் பங்கிட்டிருக்கிறார். 'ப' ஓர் அணியிடம். 'ம' மற்ற அணியிடம். 'க' மீண்டும் முதல் அணியிடம். இப்படியே செல்கிறது. தன்முறை வராதபோது ஒவ்வோர் அணியும் கீழே துணைக்குரலின் ஸ்வரத்துக்குப் பாய்கிறது. ஆகவே ஒவ்வொரு கலைஞரின் தாளிலும் இருப்பது மேலும் கீழும் தாவுகின்ற, தனியே கேட்டால் பொருளற்ற ஒரு கோணல் வரி. இரண்டு கோணல் வரிகளும் காற்றில் கலக்கும்போது நமது செவி மேலேயுள்ள ஸ்வரங்களை ஒன்றாகவும் கீழேயுள்ளவற்றை ஒன்றாகவும் தானாகவே கோத்துக்கொள்கிறது. மெட்டு தாளிலும் இல்லை, வில்லிலும் இல்லை. கேட்பவரின் செவியில்தான் பிறக்கிறது.

1970களில் டயானா டொய்ச் என்னும் உளவியல் ஆய்வாளர் இதையொத்த ஒன்றைப் பரிசோதனையில் காட்டினார். ஏறுவரிசையும் இறங்குவரிசையுமான ஸ்வரங்களைத் துண்டுதுண்டாக்கி, இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாறிமாறி அனுப்பினார். ஒவ்வொரு காதுக்கும் சென்றது தாவல் ஸ்வரங்களே. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கோ ஒழுங்கான வரிசைகளாகவே ஒலித்தன. அருகருகேயுள்ள ஸ்வரங்களை ஒரே மூலத்திலிருந்து வருவனவாகக் கொள்வது நமது செவியின் சுபாவம். சாய்கோவ்ஸ்கி ஆய்வுகூடம் எதுவுமின்றி இந்தச் சுபாவத்தை நம்பி எழுதியிருக்கிறார்.

அக்காலத்தில் முதலாம் வயலின்கள் நெறியாளரின் இடப்பக்கமும் இரண்டாம் வயலின்கள் வலப்பக்கமும் எதிரெதிராக அமர்வது வழக்கம். ஆகவே அந்தப் புலம்பல் மண்டபத்தின் இருபுறமிருந்தும் மாறிமாறி வந்து நடுவில் கூடியிருக்கும். இன்று பல குழுக்களில் இரு அணிகளும் ஒரே பக்கமாக அருகருகே அமர்வதால் அந்த உணர்வு குறைகிறது.

இதெல்லாம் வெறும் சாமர்த்தியமா? அப்படி நான் கருதவில்லை. ஒருவர் 'ப ம க ரி ஸ' என்று வாசித்தால் அவருக்கு அது பாட்டு. இதமாக இழைத்து, அழகாக இறக்குவார். ஆனால் இங்கே ஒவ்வொருவரும் பெரிய தாவல்களை வாசிக்கிறார்கள். கை பாய்கிறது, வில் தந்தி மாறுகிறது, எவருக்கும் இழைக்க வாய்ப்பில்லை. அதனால் வெளியே இறங்குவது ஒரு நேரான மெட்டாக இருந்தாலும் உள்ளே ஓர் அமைதியின்மை துடித்துக்கொண்டேயிருக்கிறது. துயரத்தை அழகாகப் பாடுவது ஒன்று. அழகாகப் பாட முடியாத துயரம் வேறு. சாய்கோவ்ஸ்கிக்கு இரண்டாவது தேவைப்பட்டது.

இதற்குச் சான்று அதே பகுதியில் உண்டு. பின்னர் அந்த மெட்டு திரும்பி வரும்போது அவர் இந்தப் பங்கீட்டைக் கைவிட்டு, முழு மெட்டையும் முதலாம் வயலின்களிடமே ஒப்படைக்கிறார். ஒலிபரப்பில் இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தபோது வேறுபாட்டை நேயர்கள் உணர்ந்திருக்கலாம். முதல் தடவை சிதறிக்கிடந்த புலம்பல், இரண்டாந் தடவை ஒரே குரலாகிறது. ஸ்வரங்கள் மாறவில்லை. எழுத்து மாறிற்று.

1893 ஒக்டோபர் 28ஆந் திகதி சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் சாய்கோவ்ஸ்கி தாமே இச்சிம்பொனியை நெறிப்படுத்தினார். ஒன்பது நாட்களின் பின், நவம்பர் 6ஆந் திகதி காலமானார். ஆர்ப்பாட்டமான முடிவுக்குப் பழகியிருந்த அக்காலச் சபையினருக்கு, செலோக்களும் டபிள் பேஸ்களும் தேய்ந்து தேய்ந்து அடங்கும் அந்த முடிவு விளங்கிக்கொள்ளச் சிரமமாகவே இருந்தது.

நமக்கு இதில் என்ன?

இந்தக் கலை நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. வானொலிப் பெட்டியில் தமிழ்த் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த நாம், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வயலின் கூட்டம் எழுந்து வருவதை நன்கறிவோம். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தாமே மேனாட்டு ஸ்வரக் குறியீட்டில் எழுதிக் கொடுப்பவர். 1986இல் வெளிவந்த அவரது 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டு, தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம். அதில் வீ. எஸ். நரசிம்மனின் வயலின் தந்திக் குழுவோடு உரையாடுவதைக் கவனித்துக் கேளுங்கள். தனி வயலின் நமது கமகத்தோடு பேச, குழு எழுதப்பட்ட ஒழுங்கோடு பதில் சொல்கிறது. மனோதர்மமும் எழுத்தும் ஒரே மேடையில் அமர்ந்த அபூர்வம் அது.

நமது பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் நாடகக் குழுக்களிலும் இசையமைக்கும் இளைஞர்களிடம் இன்று கணினியும் கீபோட்டும் உண்டு. ஒரு பொத்தானில் அறுபது வயலின்கள்! நல்ல வசதிதான், அதனைப் பழிப்பது என் நோக்கமல்ல. ஆனால் அந்தப் பொத்தான் ஒருபோதும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. அந்த ஆசிரியை கேட்டாரே, "எதை வாசிக்கிறது, எதை விடுறது?" என்று, அந்தக் கேள்விதான். இயந்திரம் எதையும் மறுப்பதில்லை. ஆகவே எதையும் கற்பிப்பதுமில்லை. கையுள்ள மனிதர் மறுப்பார். அந்த மறுப்பிலிருந்துதான் எழுதுபவர் கற்கிறார்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் இருப்பவர் தன் தாளில் மெட்டைத் தேடினால் காணமாட்டார். அவரிடமிருப்பது சில தாவல்கள் மாத்திரமே. அவர் தன் பங்கைச் சரியாக வாசித்தால்தான் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருப்பவருக்கு மெட்டு கேட்கும். அவர் ஒரு ஸ்வரத்தை அலட்சியம் செய்தால் அவரது தாளில் ஒன்றும் கெடாது; நமது செவியில் ஒரு படி உடையும். அடுத்த தடவை இந்தச் சிம்பொனியைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், மெட்டைக் கேட்ட பின் ஒரு தடவை அவருக்காகவும் கேளுங்கள்.